ஆர்ம்ஸா, சர்வீசஸா? விருப்பப் படிவமும் அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகமும்

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்வதற்கு முந்தைய கட்டங்கள் எனக்குப் பெரிய தொல்லை தரவில்லை. சி.டி.எஸ். எனும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் எழுத்துத் தேர்வு, பெங்களூரில் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றிப் பலரும் போதிய அளவு எழுதிவிட்டார்கள். 49 வாரப் பயிற்சி முடியும் தறுவாயில் எந்தப் பிரிவுக்குப் போக விரும்புகிறோம் என்று வரிசைப்படுத்தி எழுதித் தரும் படிவத்தைப் பற்றித்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. அந்தப் படிவத்துக்காகத் தேவைப்பட்ட ஒரேயொரு கடிதம் என்னையும் அப்பாவையும் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

காலாட்படை, கவசப்படை, இயந்திரமயக் காலாட்படை ஆகியவை நேரடியாகப் போரிடும் பிரிவுகள். பீரங்கிப்படை, வான் பாதுகாப்பு, பொறியாளர், சிக்னல்ஸ் போன்றவை அவற்றுக்குத் தோள் கொடுக்கும் காம்பட் சப்போர்ட் பிரிவுகள். இரண்டும் சேர்ந்தவைதான் ஆர்ம்ஸ். ஏ.எஸ்.சி. (உணவு, வண்டி, எரிபொருள் வழங்கல்), ஆர்ட்னன்ஸ் (ஆயுத, சரக்குக் கிடங்குகள்), ஈ.எம்.ஈ. (இயந்திரப் பராமரிப்பு) முதலியவை சர்வீசஸ். தகுதி வரிசை, காலியிடம், மருத்துவ நிலை, படித்த படிப்பு எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஒதுக்கீடு நடக்கும். ஆகவே முதல் இடத்தில் எழுதிவிட்டதாலேயே அது கிடைத்துவிடும் என்று நம்பக் கூடாது. என்னைப் போல பி.காம். படித்தவருக்கு ஈ.எம்.ஈ. என்ற கேள்வியே எழாது. பெண் கேடட்களுக்குக் காலாட்படையும் கவசப்படையும் இன்னும் திறக்கப்படவில்லை. பீரங்கிப்படை 2023இல்தான் திறந்தது. இவை தவிர பேரன்டல் கிளைம் என்று ஒன்று உண்டு. தந்தை பணியாற்றிய பட்டாலியனையே மகன் உரிமையோடு கேட்கலாம். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பட்டாலியனுக்கே அதிகாரியாகப் போக வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கிருந்த ஆசை.

அந்த ஆசைக்கு முதலில் குறுக்கே நின்றவரும் அப்பாதான். "ஏ.எஸ்.சி. எழுது. ரேஷன், வண்டி, பெட்ரோல்னு கௌரவமான வேலை. நாளைக்கு வெளியே வந்தாலும் கம்பெனிக்காரன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்" என்றார். ஷார்ட் சர்வீஸ் கமிஷன் எனும் குறுகிய காலப் பணியில் பத்து ஆண்டுகள், நீட்டித்தால் மேலும் நான்கு, அதற்குப் பிறகு வேறு வேலை தேட வேண்டியிருக்கும் என்பதால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சரக்கு நிர்வாகத்தில் கிடைக்கும் அனுபவத்துக்கு வெளியே மதிப்பு உண்டு. பதுங்குகுழியில் ஒரு பிளட்டூனை நடத்திய அனுபவத்தை நேர்காணலில் விளக்கிச் சொல்வதற்கே தனித் திறமை வேண்டும். ஊதியத்தில் வேறுபாடு கிடையாது. லெப்டினென்ட்டுக்கு அடிப்படை 56,100 ரூபாய், அதோடு படைத்துறைப் பணி ஊதியம் 15,500 என்பது எல்லாப் பிரிவுக்கும் பொது. லெப்டினென்ட் கர்னல் பதவிவரை 13 ஆண்டுக் கணக்கும் எல்லோருக்கும் ஒன்றே. வழி பிரிவது கர்னல் தேர்வில்தான். கார்கில் போருக்குப் பிறகு பட்டாலியன் தலைவர்களின் வயதைக் குறைப்பதற்காக உருவாக்கிய கூடுதல் கர்னல் இடங்களில் பெரும்பங்கு காலாட்படைக்கும் பீரங்கிப்படைக்கும் போயிற்று. மற்றப் பிரிவுகளின் அதிகாரிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டதுடன், காம்பட் சப்போர்ட் பிரிவுகளுக்கு 141 கர்னல் இடங்களைக் கூடுதலாக உருவாக்கவும் சொன்னது. ஓய்வு வயதுவரை நீடிக்கும் நிரந்தரக் கமிஷன் எண்ணத்தோடு படிவத்தை நிரப்புபவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வழக்கு இது.

ஆனால் சர்வீசஸ் என்றால் ஆபத்து இல்லை என்று உறவினர்கள் சொன்னதை நான் ஒருபோதும் ஏற்கவில்லை. ஏ.எஸ்.சி., ஆர்ட்னன்ஸ் இளம் அதிகாரிகள் தொடக்கத்திலேயே காலாட்படை பட்டாலியன் ஒன்றில் இணைப்புப் பணிக்குப் போக வேண்டும். நாகாலாந்தைச் சேர்ந்த கேப்டன் நெய்கெழாகுவோ கெங்குரூஸ் 1998 டிசம்பரில் ஏ.எஸ்.சி.யில்தான் கமிஷன் பெற்றார். 2 ராஜ்புதானா ரைஃபிள்ஸுடன் இணைப்பில் இருந்தபோது கார்கில் போர் வந்தது. பாறையில் பிடிமானம் கிடைக்கவில்லை என்று காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறிப் போரிட்டு 1999 ஜூன் 28இல் உயிர்நீத்தார். மகாவீர் சக்ரா அவருக்கு இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது. இதை நான் சொன்னதும் அப்பா மறுத்துப் பேசவில்லை, ஏ.எஸ்.சி.யைப் பற்றிப் பேசுவதையும் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். கிளைமுக்கு நான் அவருடைய மகன்தான் என்று அவருடைய பணி ஆவணம் சொல்ல வேண்டும். பருவ இடைவெளி விடுமுறையில் ஊருக்குப் போய், ஓய்வின்போது படை அவருக்குக் கொடுத்த பணிப் பதிவான டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான், அதில் என் பிறந்த தேதி நான் உண்மையில் பிறந்த ஆகஸ்ட் மாதமாகவும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மே மாதமாகவும் இருப்பது தெரிந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியர்கள் செய்துவைத்த புண்ணியம் அது. அப்பாவோ பட்டாலியனில் உண்மையான தேதியைச் சொல்லிப் பதிவு செய்திருந்தார். போதாக்குறைக்கு என் பெயரிலும் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது.

எங்கள் மாவட்டத்தில் இது தொடர்பாக அணுக வேண்டிய அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, ஊதா முத்திரைக்கு அடியில் இருந்த தேதியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "இதுல எது நெஜம்?" என்றார். இரண்டும் என்னுடையதுதான் என்று சொன்னேன். "அப்ப கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்று புத்தகத்தை மூடி அப்பாவிடம் நீட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகச் சீருடையில் இருந்த மனிதரை உட்காரச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரமும் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகலும் இருந்தால் மனுவை அனுப்பலாம் என்பதைப் பக்கத்து மேசைக்காரர்தான், நாங்கள் படியிறங்கும்போது பின்னால் வந்து சொன்னார். மறுநாளே அவற்றைக் கொடுத்தோம். நான் அகாடமிக்குத் திரும்பிவிட்டேன்.

வாரங்கள் ஓடின, பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் "அனுப்பிட்டாங்களாம்" என்ற ஒரே பதில்தான். கடைசியில் அப்பா நேரில் போய் அனுப்புகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டபோது வெளிவந்த செய்தி இது: வெலிங்டனில் உள்ள பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டிய உறையை, ஓய்வூதியக் கணக்கு பார்க்கும் பிரயாக்ராஜ் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். நீலகிரி மலைக்குப் போக வேண்டியது கங்கைக் கரைக்குப் போய்விட்டது. "அங்கேருந்து அவங்களே திருப்பி அனுப்புவாங்க" என்பது எழுத்தரின் சமாதானம். படிவம் கொடுக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏ.எஸ்.சி. எழுதச் சொன்ன அதே அப்பா, உறுதிமொழிப் பத்திரத்தின் இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் ஏறி மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து வெலிங்டனுக்கு ஏறிவிட்டார். அங்கே வேலை எளிதில் முடிந்தது. ஆவணத்தை எடுத்துப் பார்த்து, திருத்தத்துக்கான பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவு பின்னர் வெளியாகும் என்றும், அதுவரை பயன்படுத்த உறவுமுறையைச் சான்றளிக்கும் கடிதம் தருகிறோம் என்றும் சொல்லிக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மாலையில் அவர் போனில் பேசியபோது, கிடைத்த கடிதத்தைப் பற்றிச் சொன்னதைவிட, அவருடைய பழைய பட்டாலியனின் பெயரைக் கேட்டதும் அங்கிருந்த ஹவில்தார் ஒருவர் எழுந்து நின்றதைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்.

கடிதம் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தது. முதல் விருப்பம் காலாட்படை, அதில் அப்பாவின் பட்டாலியன், அடுத்து பீரங்கிப்படை, மூன்றாவது ஏ.எஸ்.சி. என்று எழுதினேன். பட்டியலில் என் பெயருக்கு நேரே கேட்டதே கிடைத்திருந்தது. ஏ.எஸ்.சி. கிடைத்த என் அறைத் தோழனுக்கு வீட்டில் இனிப்பு வாங்கிக் கொண்டாடினார்கள். இப்போது அவன் இணைப்புப் பணியில் பனி மூடிய ஒரு முன்னணிச் சாவடியில் இருக்கிறான். நேரடிப் போர்ப்பிரிவைக் கேட்டு வாங்கிய நான், மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில் இளம் அதிகாரிகள் பயிற்சியை முடித்துவிட்டுச் சமவெளிக் கன்டோன்மென்ட் ஒன்றில் குறுக்கோட்டப் போட்டிக்கு ஜவான்களைத் தயார்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

தந்தை படையில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எஸ்.எஸ்.பி.க்குத் தயாராகத் தொடங்கும்போதே டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பயிற்சியில் சேர்ந்த பிறகு அலைவதற்கு விடுமுறை கிடைக்காது. அலைச்சல் முழுவதும் வீட்டில் இருப்பவர் தலையில் விழும். எந்த மனுவைக் கொடுத்தாலும் அனுப்புகை எண்ணையும் எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்பதையும் அன்றே எழுதி வாங்குங்கள். பதிவுத் தபாலில் ஒரு நகலை நீங்களே நேரடியாகவும் அனுப்பிவிடுங்கள். விருப்ப வரிசையில் இரண்டாவது, மூன்றாவது இடங்களைச் சும்மா நிரப்பாதீர்கள். என்னோடு பயிற்சி பெற்ற பலருக்குக் கிடைத்தது அவைதான்.

பிரயாக்ராஜுக்குப் போன உறை, நான் கமிஷன் பெற்றுச் சில மாதங்கள் கழித்து எங்கள் மாவட்ட அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. அதை என்ன செய்வது என்று கேட்டு அப்பாவுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். கோர்ட் ஆர்டரின் நகலை இணைக்கும்படியும் அதில் கேட்டிருக்கிறார்கள்.