கரு தங்கிய பிறகான மாதங்கள்

ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சை பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஊசிகளில் தொடங்கி, கரு தங்கியதைக் காட்டும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையின் முடிவோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எங்களுக்கு அதிகக் கவனம் தேவைப்பட்டது அதற்குப் பின்னர்தான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் நான் புதுச்சேரியில் சிகிச்சை பெற்றுக் கருவுற்று, ரத்த அழுத்தம் ஏறியதால் குறைமாதத்தில் பெண் குழந்தையைப் பெற்றேன். இருவரும் நலமாக இருப்பதற்குக் காரணம், வரக்கூடிய சிக்கல்களை மருத்துவர்கள் முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருந்ததுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

எனக்குப் பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை ஹார்மோன் கோளாறு உண்டு. அத்தகையவர்களுக்குச் சினைப்பைகள் ஊசிமருந்தால் அளவுமீறித் தூண்டப்பட்டு, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத்திணறல் வரை போகக்கூடும். அதே மாதத்தில் கரு தங்கினால் கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் அந்த நிலையை இன்னும் மோசமாக்கும். ஆகவே கருக்கள் அனைத்தையும் உறையவைத்து, உடல் தேறிய பிறகு ஒரே ஒரு கருவை வைத்தார்கள். “ரெண்டா வெச்சா ரெட்டைப் பிள்ளையா பொறக்குமே” என்று என் மாமியார் ஆசையோடு கேட்டார். இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவமும் ரத்த அழுத்தமும் எந்த அளவுக்குக் கூடும் என்பதை மருத்துவர் அவரையே உட்காரவைத்து விளக்கியபின், அந்தப் பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை.

கருத்தரிப்பு மையம் முதல் மூன்று மாதங்கள் முடியும் தறுவாயில் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறது. இந்த மாற்றத்தில்தான் பல விவரங்கள் விடுபட்டுப்போகின்றன. எங்களுக்கு முதலில் கிடைத்தவை பில்களும் ஸ்கேன் படங்களும் மட்டுமே. என் கணவர் விடாமல் கேட்டு, கரு எந்த நாளில் உறையவைக்கப்பட்டது, கருப்பை எப்படித் தயார் செய்யப்பட்டது, எந்த மருந்து எந்த அளவில் தரப்பட்டது என்ற சுருக்க அறிக்கையை வாங்கினார். மகப்பேறு மருத்துவர் அதை நிதானமாகப் படித்து, ‘ஹார்மோன் மாத்திரை மூலம் தயாரிப்பு’ என்ற வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். இயல்பாக முட்டை வெளியேறினால் அந்த இடத்தில் கார்ப்பஸ் லூட்டியம் என்னும் சுரப்பி உருவாகிறது; கர்ப்பத்துக்கேற்ப ரத்தக்குழாய்கள் தளர உதவும் பொருள்களும் அதிலிருந்து சுரக்கின்றன. மாத்திரையால் தயார் செய்யும்போது அந்தச் சுரப்பி உருவாவதில்லை. இவ்வகைக் கர்ப்பங்களில் பிரீஎக்லாம்சியா என்னும் ரத்த அழுத்தச் சிக்கல் கூடுதலாக வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் குறைந்த அளவு ஆஸ்பிரின், இரவில் 150 மில்லிகிராம், 12ஆம் வாரத்திலேயே தொடங்கப்பட்டது. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் என்பதால், அறிக்கை தாமதித்திருந்தால் இழப்பு எங்களுடையதாகியிருக்கும்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. 20ஆம் வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருந்தது. கருப்பை வளர வளர அது மேலேறிவிட்டது. “அசையாம படுத்துக்கிட” என்று அம்மா தினமும் வற்புறுத்துவார். ஆனால் முழு ஓய்வால் பலன் கிடைப்பதாக நிரூபணம் இல்லை என்றும், படுத்தே இருந்தால் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம் கூடும் என்றும் மருத்துவர் சொன்னதால், மாலையில் மெதுவாக நடந்தேன்.

ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்க்கக் கற்றுத் தந்தது செவிலியர் அக்கா ஒருவர். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் இரண்டும் தரையில் படிந்திருக்க வேண்டும். பட்டை கட்டிய கை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். 140/90 தொட்டால் அழைக்க வேண்டும். 160/110 ஆனால் யாரையும் கேட்டுக்கொண்டிராமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். எண் எதுவாக இருந்தாலும் விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் காத்திருக்கக் கூடாது. நோட்டில் எழுதிவந்த எண்கள் 33ஆம் வாரத்தில் படிப்படியாக ஏறி, ஓர் இரவு 146/94 ஆயின. எனக்கு அப்போது தலைவலியோ வீக்கமோ எதுவும் இல்லை. அந்த நோட்டு இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அன்றிரவே முள்ளோடை வழியாகப் புதுச்சேரி சென்றோம். சிறுநீரில் புரதம் இருந்தது. ரத்த அழுத்தத்தைக் குறைக்க லபெட்டலால் மாத்திரையும், குழந்தையின் நுரையீரல் முதிர 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசிகளும் கொடுத்து, ரத்தத் தட்டணுக்கள், கல்லீரல் பரிசோதனை, குழந்தைக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தபடி 35ஆம் வாரம் வரை கொண்டுசென்றார்கள். பின்னர் அழுத்தம் கட்டுக்குள் நிற்காததால், வலிப்பு வராதிருக்க மக்னீசியம் சல்பேட் ஏற்றி, அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பிறந்த மகள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தபோது, தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்பினேன். பிறகு வெற்று மார்போடு அணைத்துக்கொள்ளும் கங்காரு முறையில் அவளை என்னிடமே தந்தார்கள்.

பிரசவத்தோடு ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. குழந்தை பிறந்து மூன்றிலிருந்து ஆறு நாள்களுக்குள்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகக்கூடும். எனக்கும் அப்போது மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. வருங்காலத்தில் இதய நோயும் ரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் கருக்கள் இன்னும் சில உறைநிலையில் இருக்கின்றன. அடுத்த முறை ஹார்மோன் மாத்திரைக்குப் பதிலாக லெட்ரோசோல் கொடுத்து முட்டை வெளிவரச் செய்து, அதன்பின் கருவை வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். முடியும், அதற்குக் கூடுதலாகச் சில ஸ்கேன்கள் தேவைப்படும் என்றார்.