குலுக்கிய குப்பியில் மிதக்கும் வெள்ளை இழைகள்

ஊசி மருந்து போன்ற புரதக் கரைசல் உள்ள குப்பியைக் கொஞ்ச நேரம் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளை இழைகள் மிதக்கும். காரணம் கேட்டால் பெரும்பாலோர் "ஷியர்" என்பார்கள். திரவ அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது புரதத்தின் மடிப்பு, அதாவது அதன் சங்கிலி மடங்கிச் சுருண்டிருக்கும் வடிவம், பிய்ந்துவிடுகிறதாம். சாதாரண உருண்டைப் புரதங்களுக்கு இது பொருந்தாது. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

உள்விட்டம் 0.21 மி.மீ. உள்ள ஊசி வழியாக 1 மி.லி. கரைசலை 10 நொடியில் செலுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஊசிச் சுவரை ஒட்டி ஷியர் வீதம் நொடிக்குச் சுமார் 1,10,000. எண் பெரியதுதான். ஆனால் கரைசல் தண்ணீர்போல இளகியிருந்தால், அதனால் எழும் தகைவு (ஒரு பரப்பின்மேல் விழும் இழுவிசை) 110 பாஸ்கல் மட்டுமே. 10 நானோமீட்டர் அகலமுள்ள புரதத்தின்மேல் விழும் விசை 0.01 முதல் 0.05 பைகோநியூட்டன். புரதத்தின் இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பிரிக்கும் சோதனைகளில் பெரும்பாலும் பத்துக்கணக்கான பைகோநியூட்டன் தேவைப்படுகிறது. சிலவற்றுக்கு 200 கூட ஆகும். 2006இல் வந்த ஓர் ஆய்வில் சைட்டோகுரோம் சி புரதத்தை நுண்குழாயில் நொடிக்கு 2 லட்சம் வரையிலான ஷியரில் ஓட்டிப் பார்த்தார்கள். மடிப்பு குலையவில்லை.

விலக்குகள் உண்டு. ரத்த உறைவுக்கு உதவும் வான் வில்லபிராண்ட் காரணி மிக நீண்ட சங்கிலி. நொடிக்கு 5,000 அளவிலான ஷியரிலேயே அது சுருள் அவிழ்ந்துவிடும். அதன் வேலையே அதுதான். இன்னொன்று, சிரிஞ்சிலிருந்து ஊசிக்குள் நுழையும் இடம்போலப் பாய்வு திடீரென்று குறுகும் இடம். அங்கே திரவம் வழுக்குவதோடு நீளவும் செய்கிறது. அப்படிப்பட்ட குறுகலில் திரும்பத் திரும்ப ஓட்டினால் புரதங்கள் திரள்வதை லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2017இல் காட்டியது.

நடைமுறையில் பெரும்பாலான சேதம் நடப்பது காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில். புரதத்தின் உள்ளே நீரை வெறுக்கும் பகுதிகள் ஒளிந்திருக்கின்றன. காற்றின் விளிம்புக்கு வந்ததும் அவை வெளியே திரும்புகின்றன, மடிப்பு தளர்கிறது, பக்கத்துப் புரதத்தோடு பின்னிக்கொள்கிறது. பால் ஆடைபோல ஒரு படலம் உருவாகிறது. குப்பி அசையாமல் இருந்தால் இது பெரிய விஷயமில்லை. 1 மி.லி.க்கு 1 மி.கி. வீதம் 5 மி.லி. கரைசலில் புரதம் 5 மி.கி.; 3 சதுர செ.மீ. பரப்பை ஓரடுக்காக மூடச் சுமார் 0.6 மைக்ரோகிராம் போதும். மொத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

குலுக்கும்போது நிலைமை மாறுகிறது. பரப்பு சுருங்கும்போது படலம் மடிந்து கிழிந்து கரைசலுக்குள் விழுகிறது. விரியும்போது புதுப் பரப்பு கிடைக்கிறது, புதுப் படலம் உருவாகிறது. நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் அரை மணியில் 9,000 முறை. பாய்வு இங்கே செய்யும் வேலை, கிழித்துப் போட்டுப் பரப்பைப் புதுப்பிப்பது. அடர்த்தி குறைந்த கரைசலில் சேதத்தின் விகிதம் ஏன் அதிகம் என்பதும் இதிலிருந்தே விளங்கும்: படலத்துக்குப் போகும் புரதம் ஏறக்குறைய அதே அளவு, மொத்தப் புரதம்தான் குறைவு. நெகிழ்குழாயை உருளையால் அழுத்தித் திரவத்தைத் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்பிலும் இதே கதைதான்: குழாயின் உட்சுவரில் படியும் படலத்தை உருளை ஒவ்வொரு சுற்றிலும் நசுக்கி இழுக்கிறது.

ஷியரா, பரப்பா என்று பிரித்தறிய ஒரே கரைசலை நான்கு குப்பிகளில் எடுங்கள். ஒன்று பாதி நிரம்பியது. ஒன்று காற்றுக்குமிழி துளியும் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பியது. ஒன்று பாதி நிரப்பி, சோப்புபோலப் பரப்பில் ஒட்டும் பாலிசார்பேட் 80 என்ற பொருளை 0.02% சேர்த்தது. ஒன்று குலுக்காமல் வைப்பது. புரதமில்லாத பஃபரையும் (புரதத்தைக் கரைத்திருக்கும் உப்புக்கரைசல்) தனியாகக் குலுக்குங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது. காற்றை நீக்கியதும் கலங்கல் நின்றால் குற்றம் காற்றுப்பரப்பில். நிற்காவிட்டால் கண்ணாடி, ரப்பர் மூடி, மூடியிலும் சிரிஞ்சிலும் வழுக்கலுக்காகப் பூசும் சிலிக்கோன் எண்ணெய் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். காந்தக் கலக்கியால் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்; அதில் சுழலும் காந்தக் கட்டை குப்பியின் அடியை உரசி அரைப்பதே தனிச் சேதம்.

பாலிசார்பேட் புரதத்தை முந்திக்கொண்டு பரப்பில் இடம்பிடித்துவிடுகிறது, பாதுகாப்பு அவ்வளவுதான். நீர்த்தால் அதுவும் போய்விடும். 0.02% உள்ள 10 மி.லி. மருந்தை 250 மி.லி. உப்புநீர்ப் பையில் கலந்தால் மிஞ்சுவது 0.0008% கூட இல்லை. பையில் காற்றும் இருக்கிறது, தூக்கிச் செல்லும்போது குலுங்கவும் செய்கிறது. குப்பியில் தேறிய மருந்து பையில் தேறும் என்று நம்பக்கூடாது. உலர்பொடியைக் கரைக்கும்போதும் நீரைக் குப்பியின் சுவரோரமாக விட்டு, மெல்லச் சுழற்றி, நுரை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அளக்கும் கருவியிலும் கவனம் தேவை. மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியின் அளவுப்பிரிப்புத் தூணில் பெரிய துகள்கள் முன்வடிகட்டியிலேயே சிக்கிக்கொள்ளும்; கண்ணுக்குக் கலங்கிய கரைசல்கூட 99% ஒற்றைமூலக்கூறு (திரளாத தனிப் புரதம்) என்று காட்டும். 2 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றைப் பாய்வுப் படமெடுப்பில், அதாவது ஓடும் கரைசலில் துகள்களைப் படமெடுக்கும் கருவியில், பாருங்கள். சிலிக்கோன் எண்ணெய்த் துளி கச்சிதமான வட்டமாக, கருத்த விளிம்போடு தெரியும். கிழிந்த புரதப் படலம் ஒழுங்கற்ற விளிம்போடு, கசங்கிய கண்ணாடித்தாள்போலத் தெரியும். சிலவற்றில் மடிப்புக் கோடுகூட இருக்கும்.