எல்லாவற்றுக்கும் 'சக்கர்' என்று சொன்னேன்

தலைவலி எனக்குப் பதினேழு வயதிலிருந்தே உண்டு. மாதத்தில் மூன்று நாள் இருட்டில் படுத்துக் கிடந்தால் போய்விடும். 2022 மழைக்காலத்தில்தான் அது மாறியது. வலி இல்லாத நாளே அபூர்வமானது. கூடவே இடது கையில் ஒரு மதமதப்பு. மும்பை குர்லா ஸ்டேஷன் பாலத்தில் நின்றால் தரை படகு மாதிரி அசையும். வலி இறங்கினாலும் இவை இறங்காது, நாலைந்து நாள் அப்படியே இருக்கும்.

முதலில் பார்த்த டாக்டர், "சக்கர் ஆத்தா ஹை?" என்று இந்தியில் கேட்டார், தலை சுற்றுகிறதா என்று. ஆமாம் என்றேன். செம்பூருக்குக் கல்யாணமாகி வந்து பதிமூன்று வருடம், ஆனால் என் இந்தி காய்கறிக் கடைக்குத்தான் போதும். தலைசுற்றல், கிறுகிறுப்பு, தள்ளாட்டம், தரை அசைவது எல்லாமே என் வாயில் 'சக்கர்' ஆகிவிட்டன. காதுக்கோளாறு என்று மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன். பலன் இல்லை.

அப்புறம் பரிசோதனைகள். இஇஜி, பி12, தைராய்டு எல்லாம் நார்மல். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் மட்டும் மூளையில் சில வெள்ளைப் புள்ளிகள் என்று எழுதியிருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி உள்ள பலருக்கும் அப்படித் தெரியும் என்பதை எனக்குச் சொல்ல ஆள் வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் இன்னொருவர், "எல்லாம் டென்ஷன்" என்று ஃபைலை மூடினார். ரிப்போர்ட் நார்மல் என்பதால் என் கை நார்மல் ஆகிவிடுமா? அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது.

மூன்றாவதாகப் போன நரம்பியல் டாக்டர் மராத்திக்காரர். நான் திணறுவதைப் பார்த்துவிட்டு, "உங்கள் மொழியிலேயே எழுதி வாருங்கள், மகள் சொல்லட்டும்" என்றார். ஒரு மாதம் நோட்டில் எழுதினேன்: எத்தனை மணிக்கு, எங்கே, எவ்வளவு நேரம், என்ன மாத்திரை. "அம்மா, மதமதப்பும் மரத்துப்போறதும் ஒண்ணா?" என்று மகள் கேட்டபோதுதான் நானே யோசித்தேன். ஒன்றில்லை. கிள்ளினால் வலிக்கிறது, ஆனால் கை என்னுடையது மாதிரி இல்லை.

நோட்டைப் படித்ததும் அவர் இரண்டு இடத்தில் நின்றார். குறுகுறுப்பு விரல் நுனியில் தொடங்கி, இருபது நிமிடத்தில் முழங்கை ஏறி, உதட்டோரத்துக்கு வந்திருந்தது. உதட்டை யாரிடமும் நான் சொன்னதே இல்லை. இப்படி மெல்ல ஊர்ந்து வருவது மைக்ரேனின் ஆரா, அதாவது மைக்ரேனோடு வந்து போகும் உணர்வு மாற்றம் என்றார். திடீரென்று கை விழுந்தாலோ வாய் கோணினாலோ நோட்டு எழுதிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். தரை அசைவதும் மைக்ரேனின் இன்னொரு வகையாக இருக்கலாம் என்றார்.

இரண்டாவது இடம் மாத்திரைக் கணக்கு. காஃபின் கலந்த வலி மாத்திரை, மாதத்தில் பதினாறு நாள். பத்து நாளைத் தாண்டினால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்றார். நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம் கொடுமை, சமைக்கக்கூட முடியவில்லை. என் மாமியார் ஒரு வார்த்தை கேட்காமல் ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டினார்.

தடுப்புக்கு டோபிரமேட் கொடுத்தார். அதிலும் கை குறுகுறுக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இது இரண்டு கையிலும் காலிலும் வரும், பழையது இடது பக்கம் மட்டும். சோடா சப்பென்று ஆனதும் இந்த மாத்திரையால்தான்.

மாதம் இருபத்திரண்டு நாள் இருந்த தலைவலி, எட்டு மாதத்தில் ஒன்பது நாளானது. தரை அசைவது குறைந்துவிட்டது. கை மட்டும் முழுசாக விடவில்லை. ஆரா ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும், எனக்கு நாள்கணக்கில் ஏன் மிச்சம் நிற்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. "தெரியவில்லை, ஆனால் நீங்கள் சொல்வதை நம்புகிறேன்" என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் அழுதேன்.

போன வாரம் மூன்று நாள் மதமதப்பு. நோட்டில் இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை அவரிடம் காட்ட வேண்டும்.