படங்குக்குக் கீழ ஒரு கோடு வெளிச்சம்

நேத்து பின்னேரம் கல்லடிக் கடற்கரையில வச்சு மச்சான்ட வான் வண்டிக்கு எல்.ஈ.டி. ஸ்ட்ரிப், அதான் சின்னப் பல்புகள் வரிசையா வச்ச நாடா, பூட்டி முடிச்சம். பக்கத்தால இழுத்து விரிக்கிற படங்குக்குக் கீழ, 5 மீற்றர்.

முதல் தரம் ஸ்ட்ரிப்போட வாற டேப்பை மட்டும் நம்பி ஒட்டினம். கச்சான் காத்தடிச்ச கிழமையே நடுவால தொங்கிட்டு. உப்பும் தூசும் படிஞ்ச தகரத்தில எந்த டேப் நிக்கும்? இந்த முறை ஸ்பிரிட்டால துடைச்சு, அலுமினியச் சட்டத்தை ரிவெட் அடிச்சு, அதுக்குள்ள வச்சம். இழுத்துப் பாத்தன், அசையல்ல.

12 வோல்ட் ஸ்ட்ரிப்பில மூணு பல்புக்கு ஒருக்கா வெட்டுக்கோடு இருக்கும். அதில மட்டும் வெட்டுங்க. மறுகா வெட்டின வாய்க்கு சிலிக்கன் பூசுங்க, எங்கட உப்புக் காத்து செம்பைப் பச்சையாக்கிப் போடும்.

எங்கட ஸ்ட்ரிப் மீற்றருக்கு 4.8 வாட். மொத்தம் 24 வாட், 2 அம்பியர்தான். ஆனாலும் பற்றரி பொசிட்டிவுக்குக் கிட்டயே 3 அம்பியர் பியூஸ் போட்டம். தயவுசெய்து இதை மட்டும் விட்டிராதீங்க. படங்கு மடிக்கக்குள்ள வயர் நசிஞ்சா வானே பத்தும்.

நிறம் இளமஞ்சள். வெள்ளையை விடப் பூச்சி குறைவா வரும். பொத்துவில், பாணமைப் பக்கம் தங்கினா அதையும் நிப்பாட்டிப் போடுவம். ஆமை முட்டையிட வாற கரை அது, வெளிச்சம் அதுகளைக் குழப்பும்.

ராவு மாமி அந்த வெளிச்சத்துக்குக் கீழ பாய் விரிச்சு, சின்னவளுக்கு மீன்முள் ஒவ்வொண்டா எடுத்து ஊட்டினா. டோர்ச் பிடிக்க ஆள் தேவைப்படல்ல.