ஏற்காடு ஏறும் காருக்கு எந்த ஆயில்?

எனக்கு ஏற்காட்டில் ஒரு வங்கிக் கிளையில் வேலை, வீடு சேலத்தில். வாரத்தில் இரண்டு நாளாவது மேலேயே தங்கிவிடுவேன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது, மூன்றாவது கியரில் ஏறி இறங்குவதுதான் என் 1.2 லிட்டர் பெட்ரோல் காரின் பிழைப்பு. ஓடியது 84,000 கிலோமீட்டர்.

போன ஜனவரியில் ஒரு காலை, பனி படிந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். பானெட்டின் மேல்பக்கத்திலிருந்து ஒரு கடகட சத்தம். நான்கைந்து நொடி இருந்து நின்றுவிட்டது. மறுநாள் காலையும் அதே. இதற்கு முன் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. புதிதாக நடந்தது ஒன்றுதான்: பத்து நாள் முன்னால் ஆயில் மாற்றியிருந்தேன். பில்லைத் தேடி எடுத்தேன். ஆயிலின் கிரேடு, அதாவது தடிமன் குறியீடு, 20டபிள்யூ-50 என்று இருந்தது. டேஷ்போர்டு பெட்டியில் கிடந்த மேனுவலைப் பிரித்தால் 5டபிள்யூ-30.

மெக்கானிக் தம்பிக்குப் போன் செய்தேன். "நம்ம ஊர் வெயிலுக்கு மெலிசு ஆயில் தாங்காதுக்கா. கட்டியா ஊத்துனாதான் இன்ஜினுக்குப் பாதுகாப்பு. வண்டியும் ஓடுன வண்டி" என்றான். ஏமாற்றுகிற பையன் இல்லை, நம்பித்தான் சொன்னான். அப்பாவும் அதையேதான் சொன்னார். "30ஆ? தண்ணியாட்டம் இருக்குமே கண்ணு!" இருபது வருஷம் அம்பாசிடர் ஓட்டியவர். அந்த வண்டிக்கு அவர் ஊற்றியது 20டபிள்யூ-40, அது அந்த இன்ஜினுக்குச் சரியான ஆயில்தான்.

ஆனால் இரண்டு பேரும் ஊரின் வெயிலைப் பார்க்கிறார்கள், இன்ஜினுக்குள் இருக்கும் சூட்டைப் பார்ப்பதில்லை. தண்ணீரால் குளிரூட்டும் இன்ஜினில் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. வெளியே சேலத்து மே மாதத்தின் 40 டிகிரியோ, ஏற்காட்டு ஜனவரியின் 13 டிகிரியோ, சூடேறிய பிறகு கூலன்ட்டை அது ஏறக்குறைய 90 டிகிரியில் பிடித்து வைக்கிறது. ஆயிலின் சூடும் பெரும்பாலும் அதை ஒட்டியே போகும். காற்றால் மட்டும் ஆறுகிற பைக் இன்ஜினில் வெயில் நேராகவே வேலை செய்யும். அங்கிருந்து வந்த பழக்கம்தான் கார் வரைக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

டப்பாவில் இருக்கும் எண்களின் கதை இதுதான். டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் வைத்து, இன்ஜின் சுழல விடுகிறதா என்று சோதிப்பார்கள். 20டபிள்யூவுக்கு மைனஸ் 15 டிகிரி போதும். பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் தடிமன். 30 என்றால் 9.3க்கும் 12.5க்கும் இடையே, 50 என்றால் 16.3க்கும் 21.9க்கும் இடையே. இந்த அளவின் பெயர் சென்டிஸ்டோக்ஸ். '30 டிகிரி வரை தாங்கும்' என்று அர்த்தமே கிடையாது. இதை எத்தனை பேர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா!

மைனஸ் 30 ஏற்காட்டுக்கு எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அதனால் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். மகளின் பழைய சயின்ஸ் கிட்டில் இரண்டு டெஸ்ட் டியூப் இருந்தன. ஒன்றில் மீந்த 20டபிள்யூ-50, இன்னொன்றில் புதிதாக வாங்கிய 5டபிள்யூ-30. மேலே கொஞ்சம் காற்று விட்டுக் கார்க்கால் அடைத்து இரண்டையும் ஒன்றாகக் கவிழ்த்தேன். 5டபிள்யூ-30இல் குமிழி 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் மேலே வந்துவிட்டது. மற்றதில் நிதானமாக, சுவரை ஒட்டிக்கொண்டு ஏறியது. மூன்று வரை எண்ணினேன். அன்று அறையில் 28 டிகிரி, குளிரே இல்லை. அப்புறம் இரண்டையும் கொதித்து இறக்கிய தண்ணீரில் கால்மணி நேரம் வைத்து, துணியால் பிடித்துக் கவிழ்த்தேன். இரண்டு குமிழியும் சட்டென்று ஏறிவிட்டன. என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

எனக்கு விஷயம் புரிந்தது அங்கேதான். நம் ஊரின் சாதாரணக் காலைகூட ஆயிலுக்குக் குளிர்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே சம்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், இறங்கியிருக்கும். சாவியைத் திருப்பியதும் பம்ப் அதை மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை தள்ள வேண்டும். என் இன்ஜினில் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும், வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் விவிடி என்ற அமைப்பும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. மேலே போகும் வழியெல்லாம் ஆயில் பாயும் சின்னச் சின்னத் துவாரம். கட்டி ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமானதுதான் அந்தக் கடகட என்று நினைக்கிறேன். அதற்கு ஏற்ற தடிமனைத்தான் மேனுவலில் எழுதியிருக்கிறார்கள்.

மெலிசு ஆயில் மைலேஜுக்காக மட்டும் கம்பெனிக்காரர்கள் செய்த வேலை என்று ஒரு பேச்சு உண்டு. மைலேஜ் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. அதற்காக மேனுவலைவிட மெலிசாகப் போவதும் தப்பு. மூன்றாவது கியரில் உறுமிக்கொண்டு மலை ஏறும்போது பேரிங்கில் ஆயில் படலம் கிழியக் கூடாது. அதற்கென்றே 150 டிகிரியில் அழுத்தித் தேய்த்துப் பார்க்கும் சோதனை தனியாக இருக்கிறது. 5டபிள்யூ-30 அதில் தேறியே டப்பாவுக்குள் வருகிறது. என் வண்டிக்கு 0டபிள்யூ-20 யாராவது சிபாரிசு செய்தாலும் ஊற்ற மாட்டேன்.

சில மேனுவலில் ஒன்றுக்கு மேல் கிரேடு கொடுத்து, வெளி வெப்பநிலைக்கு ஒரு பட்டியலும் போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அதற்குள் தேர்ந்தெடுக்கலாம். நிறைய ஓடிய வண்டி, அடிக்கடி மலை என்றால் அதில் இருக்கும் 40ஐப் பார்க்கலாம். ஆயில் குடிக்கிற வண்டிக்குக் கட்டி ஆயில் ஊற்றி மூடி மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ, முதலில் அதைப் பார்க்கட்டும். 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் கிரேடோடு நிறுத்தாதீர்கள். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருந்தால் மேனுவல் சொல்லும் குறைந்த சாம்பல் ஆயில்தான் வேண்டும், இல்லையென்றால் அந்த ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

அந்தச் சனிக்கிழமையே இன்ஜின் சூடாக இருக்கும்போது பழையதை வடித்து, ஃபில்டரும் மாற்றி, 5டபிள்யூ-30 ஊற்றச் சொன்னேன். தம்பி முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தான். டெஸ்ட் டியூப் இரண்டையும் கையில் கொடுத்தேன், நாலைந்து தடவை கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தான்.

திங்கள்கிழமை மேலே தங்கினேன். செவ்வாய் காலை ஆறு மணி, அதே பனி. கிளப்பினேன். கடகட இல்லை. மேனுவலில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன். பானெட்டுக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று: 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி (இது ஆயிலின் தரக் குறியீடு), மூன்றரை லிட்டர்.