அட்ரினல் கட்டி: அறுவைக்கு முன் கடந்த வாரங்கள்

எனக்குக் கடும் தலைவலி, படபடப்பு, சட்டை நனையும் வியர்வை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்து சிறிது நேரத்தில் தாமாகவே அடங்கிவிடும். அடங்கிய பின் அளந்தால் ரத்த அழுத்தம் ஏறக்குறைய இயல்பாக இருக்கும் என்பதால், மனப் பதற்றம் என்றே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

அவசரப் பிரிவுக்குப் போன இரவில் அழுத்தம் 230/130. பணியிலிருந்த மருத்துவர் இம்மூன்றும் ஒன்றாக வருகின்றனவா என்று கேட்டறிந்த பின், நாடித் துடிப்பு மிக வேகமாக இருந்தும் அதைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்தைத் தவிர்த்து, ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வளரும் கட்டி, நார் அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டும்போது குழாய்களை இறுக்குபவை ஆல்ஃபா ஏற்பிகள் என்றும், தளர்த்த உதவும் பீட்டா ஏற்பிகளை முதலில் அடைத்துவிட்டால் அந்த இறுக்கத்தைத் தணிக்க எதுவும் மிஞ்சாமல் அழுத்தம் மேலும் ஏறும் என்றும் மறுநாள் விளக்கினார். என் உயிர் தப்பியது இந்த வரிசையால்தான் என்பது என் கணிப்பு.

கையில் ஊசியைப் பொருத்தி அரை மணி நேரம் அசையாமல் படுக்கவைத்த பிறகு எடுத்த ரத்தத்தில், அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சிதைந்து உருவாகும் மெட்டாநெஃப்ரின் பல மடங்கு கூடியிருந்தது. சிடி ஸ்கேனில் இடது அட்ரினலில் கட்டி தெரிந்தது. பெயர் ஃபியோகுரோமோசைட்டோமா.

உடனே அறுக்க மாட்டார்களா என்ற என் அவசரத்துக்கு மருத்துவர்கள் இணங்கவில்லை. முதலில் ஆல்ஃபா ஏற்பிகளை அடைக்கும் பிரசோசின், எழுந்தால் மயக்கம் வரலாம் என்பதால் முதல் மாத்திரை படுக்கும் நேரத்தில். சில நாட்கள் கழித்தே பீட்டா தடுப்பு மருந்து. இவற்றோடு நிறையத் தண்ணீரும் உப்பும்! பிரஷர்காரருக்கு அப்பளமும் ஊறுகாயும் அனுமதியா என்று என் மனைவி மருத்துவரிடமே வாதாடினார். நெடுநாள் இறுகிக் கிடந்த குழாய்கள் விரியும்போது அவற்றை நிரப்ப நீர் வேண்டும், இல்லாவிட்டால் கட்டியை நீக்கியதும் அழுத்தம் அதலபாதாளத்துக்குச் சரியும் என்று கேட்ட பிறகே அவர் சமாதானமானார். உட்கார்ந்தும் நின்றும் அளந்து எழுதிய குறிப்பேட்டைப் பார்த்தே அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

லேப்ராஸ்கோப்பி வழியாகக் கட்டியைத் தொட்டபோதெல்லாம் அழுத்தம் எகிறியதாகவும், அதன் சிரையைக் கட்டியதும் சட்டென இறங்கியதாகவும் மயக்கவியல் மருத்துவர் பின்னர் சொன்னார். சர்க்கரையும் குறையக்கூடும் என்று இரவெல்லாம் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள்.

மூன்றில் ஒரு பங்கினருக்கு இது மரபணு வழியாக வருவதால், அந்தப் பரிசோதனைக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறேன். மெட்டாநெஃப்ரின் சோதனை ஆண்டுதோறும் தொடரும்.