சாணி வண்டு ஆராய்ச்சி: டெல்டாவில் நான் முடித்த விதம்

விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு வண்டு வகைப்பாட்டியலுக்கு வரலாமா என்று கேட்கிற பிள்ளைகளுக்காக, நான் கடந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். என் முனைவர் பட்டத் தலைப்பு காவிரி டெல்டாவின் சாணி வண்டுகள். எந்தச் சிற்றினம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, அவ்வளவுதான் கேள்வி. பூச்சி என்றாலே எல்லோரும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறார்கள், வயலும் வாய்க்காலுமாக இருக்கிற நம் பக்கத்தில் என்ன கிடைத்துவிடப் போகிறது என்று என் நெறியாளரே முதலில் தயங்கினார்.

களப்பணி இதில் சுலபம். பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, மேலே கம்பிவலை போட்டுப் புதுச் சாணியை வைத்தால் பொறி தயார். மன்னார்குடி பக்கம் ஒரு பாட்டி, "எருவுக்கா பாப்பா? ஒரு கூடையா எடுத்துக்கோ" என்று மாட்டுக் கொட்டகையையே காட்டிவிட்டார். சம்பாவுக்கு வயலில் தண்ணீர் நின்றுவிட்டால் மாடுகள் திடலுக்கும் ரோட்டோரத்துக்கும் வந்துவிடும், பொறியும் கூடவே போக வேண்டியதுதான். கோடியக்கரை மட்டும் வேறு. அது சரணாலயம், வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு வண்டைக்கூட எடுக்கக் கூடாது. தலைப்பு பதிவானதுமே விண்ணப்பம் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அந்த வருஷத்து மழை கைவிட்டுப் போய்விடும். வெளிமான் புழுக்கையிலும் மட்டக்குதிரை லத்தியிலும் வருகிற வண்டுகளை அங்கே பார்த்த பிறகுதான், மண் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு உறைத்தது. வேதாரண்யத்து மணலில் சாதாரணமாகக் கிடைத்த சில, மன்னார்குடிக் களிமண்ணில் எனக்குக் கிடைக்கவே இல்லை.

கஷ்டம் ஆய்வுக்கூடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆந்தோஃபேகஸ் என்ற ஒரே பேரினத்தில் மட்டும் உலகம் முழுக்க 2000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். ஒரே சிற்றினத்தில் பெரிய ஆணுக்குக் கொம்பு இருக்கும், சின்ன ஆணுக்கு ஏறக்குறைய இருக்காது, பெண் வேறு மாதிரி இருக்கும். அதனால் வெந்நீரில் ஊறவைத்து, ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணிடுக்கியால் மெதுவாக வெளியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சதையைக் கரைத்து, நுண்ணோக்கியில் அதன் வடிவத்தைப் பார்த்தால்தான் பெயரை உறுதியாகச் சொல்ல முடிகிறது. இந்தியச் சாணி வண்டுகளுக்கான கையேடு 1931-இல் ஆரோ என்ற ஆங்கிலேயர் எழுதியது. பழைய நூல் என்று ஒதுக்காதீர்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இன்றைக்கும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்புறம் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். அங்கிருந்து டால்டார்ஃப் போன்றவர்கள் சேகரித்து அனுப்பிய பூச்சிகளுக்கு லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரீசியஸ் பெயர் வைத்தார். அப்படிப் பெயர் வைக்க அடிப்படையாக இருந்த மூல மாதிரிகளில் மிஞ்சியவற்றில் பல இப்போது கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறிப் போகிற ஊரின் வண்டை உறுதிப்படுத்த, டென்மார்க்கில் ஊசியில் குத்தி வைத்திருக்கும் வண்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது! அதிலும் சிக்கல் என்னவென்றால், இடம் என்று ஃபாப்ரீசியஸ் பெரும்பாலும் எழுதியது 'தரங்கம்பாடி' அல்லது 'கிழக்கிந்தியா', அவ்வளவுதான். ஊருக்குள் பிடித்ததா, உள்நாட்டில் பிடித்து அந்தத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதா, யாரால் சொல்ல முடியும்? பரவல் வரைபடம் போடுகிறவருக்கு இது பெரிய ஓட்டை. ஒவ்வொரு வண்டின் ஊசியிலும் மாட்டுகிற சீட்டில் ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை), தேதி, மண், எந்த விலங்கின் சாணம், எல்லாவற்றையும் எழுதுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். பெயரை நாளைக்கு வேறொருவர் திருத்திவிடலாம். இடத்தை யாராலும் திருப்பிக் கண்டுபிடிக்க முடியாது.

ஆய்வேடு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எல்லாம் எல்லாத் துறையிலும் இருக்கிற அலைச்சல்தான். ஒரு ஆய்விதழ் 'வெறும் உள்ளூர்ப் பட்டியல்' என்று திருப்பி அனுப்பியபோது மட்டும் ரொம்ப வருத்தப்பட்டேன், இன்னமும் அது தவறான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். உள்ளூர்ப் பட்டியல் இல்லாமல் எந்த வண்டு குறைகிறது என்று எப்படிச் சொல்வது? இவ்வகை ஆய்வை மற்றவர்கள் மேற்கோள் காட்டுவது குறைவு, வேலைவாய்ப்பும் குறைவு, அதைத் தெரிந்தே வாருங்கள். மாதிரிகளை இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் ஒப்படைத்துப் பதிவெண் வாங்கிவிடுங்கள், நம் ஊர் ஈரத்தில் கல்லூரி அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

2018 கஜா புயலில் தென்னை சாய்ந்ததிலிருந்து விவசாயிகளுக்குத் தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டைப் பற்றிய பயம் அதிகம். அதன் புழுவோ என்று எருக்குழிப் புழுவை டப்பாவில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். தட்டையான தரையில் விட்டதும் புரண்டு முதுகால் ஊர்ந்து போனால் அது பூவண்டுப் புழு, மட்கியதைத் தின்று எருவாக்கும், கொல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன்.

கொள்ளிடம் வடகரை இன்னும் பாக்கி. அந்தப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் ஒரு பொறி வைக்க இடம் கொடுத்தால் இந்த ஐப்பசியில் வந்துவிடுகிறேன்.